குழல் செய்கிறவரின் காது

பென்னலூர்,
ஞாயிறு மதியம்.

அன்புத் தங்கை ஜெயசீலிக்கு, அக்கா மெர்சி எழுதுவது. நீயும் வயிற்றுப் பிள்ளையும் யாக்கோபுவும் சுகமாயிருக்கத் தினமும் ஜெபிக்கிறேன். நாங்களும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கை வரவில்லை.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். நான் பேசுவது உன் மாமாவுக்குக் கேட்காது. ஆனால் என் முகத்தைப் பார்த்தே பாதியைப் புரிந்துகொள்வார்.

ஆமாம், அவருக்குக் காது மந்தமாகிவிட்டது. உன்னிடமும் மறைத்தேன். ஒரகடம் கம்பெனியில் பதினோரு வருஷம், இரும்புத் தகடு அடிக்கிற பிரஸ் மிஷின் சத்தத்துக்குப் பக்கத்தில் நின்றவர். காது மிஷின் வாங்கலாம் என்றால், "அத்த மாட்டிக்கினு நின்னா எவன் என்னாண்ட கொயல் வாங்குவான்?" என்கிறார்.

சென்னையில் பழைய ஐரோப்பிய இசை சொல்லிக்கொடுக்கும் கங்கா மேடம் உனக்கு ஞாபகமிருக்கும். முந்நூறு வருஷத்துக்கு முந்தைய, ரெக்கார்டர் என்று அவர்கள் சொல்கிற நேர்க்குழல் ஒன்றின் வரைபடத்தை மாமாவிடம் கொடுத்தவர் அவர்தான். அந்த அளவுகளைப் பார்த்து ஈட்டி மரத்தைக் கடைந்து, உள்ளே துளையிட்டு, வாய்ப்பக்கம் சின்னக் கட்டை செருகி, மாமா கையாலேயே முழுக்குழலும் செய்வார். மரவேலையில் அவரை மிஞ்ச ஆளில்லை. கடைசியில் சுருதி சேர்ப்பதுதான் சங்கடம். அந்தக் காலத்துச் சுருதி இன்றையதைவிட அரை ஸ்வரம் தாழ்வு. ஸ்வரம் சரியா என்று போனில் இருக்கிற சுருதிக் கருவியில் பார்த்துவிடலாம். குழலின் குரல் கரகரப்பதைப் போன் சொல்லாது. அதை நான் சொல்கிறேன். வாசல் ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் போய் முடியும்வரை காத்திருந்து ஊதுவேன். அவர் துளையின் உள்விளிம்பைக் கத்தியால் சுரண்டுவார். போதும் என்றால் மேசையில் விரலால் தட்டுவேன். மூன்று வருஷமாக இப்படித்தான். சர்ச்சில் பாட்டுக் குழுவில் நின்ற காது இதற்குத்தான் உதவியது. குழலில் அவர் பெயர் மட்டும்தான் இருக்கும். அதில் எனக்குக் குறையில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நமக்கு அம்மா இல்லை, உன் பிரசவத்துக்கு நான்தான் வர வேண்டும். போன வெள்ளிக்கிழமை காலையில் அவரிடம் கேட்டேன். நிமிராமலேயே, "நீ ரெண்டு மாசம் பூட்டா இங்க யாரு கேப்பா?" என்றார். தன்னை யார் பார்த்துக்கொள்வார்கள், யார் சமைப்பார்கள் என்றுகூட இல்லை. யாரு கேப்பா. என் காது மட்டும்தான் அவருக்கு வேண்டியிருந்தது.

அன்று பத்து மணிக்கே கங்கா மேடம் வந்துவிட்டார். முடிந்த குழலை ஊதிப் பார்த்து, மேல் ஸ்வரம் ஒன்று கொஞ்சம் கரகரக்கிறது, இப்போதே சரிசெய்ய முடியுமா என்று கேட்டார். மேடம் ஊத, மாமா சுரண்ட, நான் எதிரே வழக்கம்போல மேசைமேல் கை வைத்து உட்கார்ந்திருந்தேன். மாமாவுக்குக் கேட்காது என்று மேடத்துக்குத் தெரியாது, எப்போது நிறுத்துவது என்பதை அவரிடமே விட்டுவிட்டார். நாலாவது தடவை ஸ்வரம் சுத்தமாக வந்தது. எனக்குத் தெரிந்தது, ஜெயசீலி. நான் தட்டவில்லை.

அவர் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, இன்னும் வேண்டும்போல என்று நினைத்து மறுபடி சுரண்டினார். மறுபடியும். மேடம் முகம் சுளித்துக் குழலை இறக்கியபோதுதான் குழல் கெட்டுப்போனது அவருக்குப் புரிந்தது. நாலு மாத வேலை. "கை தவறிப்போச்சு மேடம், வேற செஞ்சி தரேன்" என்றார். மேடம் பொங்கலுக்குள் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் மரத்தூளைக் கூட்டி அள்ளிவிட்டு வந்து, "இன்னா மெர்சி, உனக்கே கேக்கலயா? ரொம்ப களைச்சிட்ட. நான் எதையும் யோசிக்கல. ஓசூர் போயி தங்கச்சியாண்ட இருந்துட்டு வா" என்றார். என்மேல் அவருக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இப்போது கதவு திறந்துதான் இருக்கிறது, என்னால் வெளியே கால் வைக்க முடியவில்லை. நேற்றே புது மரத்தை லேத்தில் ஏற்றிவிட்டார். நான் போனால் தனியாகச் சுருதி சேர்க்க உட்கார்ந்து அதையும் கெடுத்துக்கொள்வார். போகாவிட்டால், வேண்டுமென்றேதான் தட்டாமல் இருந்தேன் என்பதை வாய்க்குள் வைத்துக்கொண்டு, தினமும் அவர் முகத்துக்கு நேரே உட்கார்ந்து தட்ட வேண்டும். சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை அவர் தோளைத் தொட்டேன். அவர் திரும்பிச் சிரித்தார். சாப்பிட வாங்க என்று சொல்லிவிட்டேன்.

நீ மாத்திரைகளை மறக்காதே. கால் வீக்கம் குறையாவிட்டால் டாக்டரிடம் போ.

ஒன்று கேட்கிறேன். நானாகக் கிளம்பி வருவேன் என்று காத்திருக்காதே. யாக்கோபுவை வண்டியோடு அனுப்பு. வாசலில் வந்து நின்றால் ஏறிவிடுவேன். நான் ஏதாவது காரணம் சொன்னால் கேட்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பு.

கர்த்தர் உனக்குச் சுகப்பிரசவம் தருவார். பிறக்கிற பிள்ளை நல்ல குரலெடுத்து அழட்டும்.

உன் அக்கா,
மெர்சி.