கரண்டுப் பெட்டியில் அப்பா

அன்பு மகள் குட்டிக்கு,

அம்மா எழுதுகிறேன். அப்பாவுக்குக் காய்ச்சல் முழுசாக விட்டுவிட்டது. எனக்கு முழங்கால் வலி விட்டபாடில்லை. மற்றபடி இங்கே ஒரு குறையும் இல்லை. உனக்கும் மாப்பிள்ளைக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லையே? போன தடவை பேசும்போது இருமிக்கொண்டே இருந்தாய். வெந்நீர் குடி என்றால் கேட்க மாட்டாய், இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

இதையெல்லாம் போனிலேயே சொல்லலாமே என்று நினைப்பாய். போனில் நான் வாயைத் திறந்ததும் "அப்புறம் பேசறேம்மா" என்று வைத்துவிடுவாய். பக்கத்தில் அப்பா வேறு காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கடிதம் என்றால் கடைசி வரைக்கும் படித்துத்தானே ஆக வேண்டும்? அதனால்தான் அவர் வேலைக்குப் போன நேரமாகப் பார்த்து எழுத உட்கார்ந்தேன்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை உன் மாமனார் மாமியாரை அழைத்துக்கொண்டு வருவதாகச் சொன்னாய். ரொம்ப சந்தோஷம். கல்யாணம் ஆகி இரண்டு வருஷம் கழித்து இப்போதுதான் சம்பந்தி வீட்டார் நம் வீட்டுக்கு வரப் போகிறார்கள். கூடவே, கொடியில் காக்கிச் சட்டை தொங்க வேண்டாம், வாசலில் இருக்கிற ஏணியை எடுத்துவிடுங்கள் என்றும் சொன்னாய். அப்பா மின்சார ஆபீஸில் அதிகாரி என்று நீ அங்கே சொல்லி வைத்திருப்பது எனக்குக் கல்யாணத்தன்றே தெரியும். பெண் வாழப் போகிற இடம், எதற்கு வம்பு என்று அன்றைக்கு வாயை மூடிக்கொண்டேன். அது என் தப்பு. அப்புறம் நம் தெருக் கரண்டுப் பெட்டியில் வரைந்த படத்தின் போட்டோவைத் தையல்காரர் மகள் உனக்கு அனுப்பினாளாம். அதைப் பார்த்துவிட்டு நீ அப்பாவுக்கு போன் செய்து, "படம் நல்லாத்தான் இருக்குப்பா. அதுல ஏணியில நிக்கிற ஆளை மட்டும் அழிச்சிட முடியுமா?" என்று கேட்டிருக்கிறாய்.

அந்த ஆள் எப்படி அந்தப் பெட்டியில் ஏறினார் என்று உனக்கு முழுசாகத் தெரியாது. தெரிந்துகொண்டு அப்புறம் சொல்.

நம் வீட்டுச் சுவரை ஒட்டி நிற்கிற கரண்டுப் பெட்டியை நீ மறந்திருக்க மாட்டாய். ஆள் உயரம், இரட்டைக் கதவு. துருப்பிடித்து, போஸ்டர் மேல் போஸ்டர் ஒட்டி, காலடியில் குப்பை கொட்டி, பார்க்கவே சகிக்காது. நான்கு மாதத்துக்கு முன்னால் நகராட்சியிலிருந்து ஓர் அறிவிப்பு வந்தது. அந்தந்தத் தெருக்காரர்களே பெட்டியில் படம் வரையலாம், பெயிண்ட் அவர்கள் கொடுப்பார்கள். சாமி படம் கூடாது, கட்சி கூடாது, விளம்பரம் கூடாது. பெட்டி நம்பர், அபாயக் குறி, காற்று போகிற துவாரம், இவற்றின்மேல் பெயிண்ட் படவே கூடாது.

என்ன வரைவது என்று மூன்று ஞாயிற்றுக்கிழமை மருந்துக்கடை வாசலில் கூட்டம் போட்டார்கள். மருந்துக்கடைக்காரருக்கு மீன் தொட்டி வேண்டும். டியூஷன் டீச்சருக்கு அருவி வேண்டும். உள்ளே கரண்டு ஓடுகிற பெட்டிக்கு வெளியே தண்ணீர் ஓட வேண்டுமாம்! தையல்காரர் மயிலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. மூன்றாவது வாரம் எனக்குப் பொறுமை போய்விட்டது. இத்தனை வருஷமாக இந்தப் பெட்டியால்தான் உங்கள் வீட்டில் விளக்கு எரிகிறது, உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருத்தருக்காவது தெரியுமா, முதலில் அதை வரையுங்கள் என்று கத்திவிட்டேன். மருந்துக்கடைக்காரர் மெதுவாகத் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, உள்ளே இருப்பது லைன்மேன் வீட்டம்மாவுக்குத்தானே தெரியும், அவங்களே வரையட்டும் என்று சொல்லிவிட்டார். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

நம் வீட்டு கேட்டுக்கும் ஜன்னல் கம்பிக்கும் பெயிண்ட் அடித்ததைத் தவிர நான் பிரஷ்ஷைத் தொட்டவள் இல்லை. ஆனால் உட்கார்ந்து யோசித்தபோது எனக்கே ஆச்சரியமாகப் போய்விட்டது. அந்தப் பெட்டிக்குள் ஒன்பது பியூஸ். தெருவில் இருபத்தாறு வீடு. எந்த பியூஸில் எந்த வீடு என்று எனக்கு வரிசையாக ஞாபகம் வந்தது. இருபத்து நான்கு வருஷமாக உன் அப்பா சாப்பிட உட்கார்ந்ததும் இதைத்தானே சொல்வார்! இன்றைக்கு மூன்றாவது போய்விட்டது, தையல்காரர் இஸ்திரிப் பெட்டியையும் மோட்டாரையும் ஒன்றாகப் போட்டுவிட்டார். ஏழாவது சூடாகிறது, மாடிவீட்டில் புதுசாக ஏசி வாங்கியிருக்கிறார்கள். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டே 'ம்' கொட்டுவேன். உன்னிடம் பேசுவதற்குச் சுவரிடம் பேசலாம் என்று அவர் அலுத்துக்கொள்வதை நீயும் கேட்டிருக்கிறாய். அந்தச் சுவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது, குட்டி.

அப்படியே வரைந்தேன். கீழேயிருந்து ஒன்பது நிறத்தில் ஒன்பது கோடு கிளம்பி மேலே போகும். ஒவ்வொரு கோட்டிலும் அதற்கு உண்டான வீடுகள். வீடு என்றால் எனக்கு ஒரே மாதிரிதான் வரையத் தெரியும். அதனால் அடையாளத்துக்கு வீட்டுக்கு ஒரு பொருள். தையல்காரருக்குக் கத்தரிக்கோல். மருந்துக்கடைக்காரருக்கு மாத்திரை அட்டை. டியூஷன் டீச்சருக்குப் பிரம்பு போட்டேன், முகம் வாடிவிட்டது, சரி என்று அதை மூக்குக் கண்ணாடியாக மாற்றிக் கொடுத்தேன். கடைசி வீட்டில் எப்போது பார்த்தாலும் புருஷன் பெண்டாட்டி சண்டை இல்லையா, அங்கே இரண்டு கரண்டி. கோபித்துக்கொள்வார்கள் என்று பயந்தால், இரண்டு பேரும் சேர்ந்து வந்து பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். பதினெட்டு நாள் ஆயிற்று. ஒரு நாள்கூட என்னைத் தனியாக விடவில்லை. வீட்டுக்கு ஒருவராவது வந்து, படத்தில் இருக்கிற அவரவர் வீட்டுக்கு அவரவர் கையால் வண்ணம் அடித்துவிட்டுப் போனார்கள்.

நம் வீட்டுக்கு என்ன போடப் போகிறாய் என்று எல்லோரும் கேட்டார்கள். ஏணியில் ஏறி நிற்கிற அப்பாவைப் போட்டேன். காக்கிச் சட்டை, இடுப்பில் பை, முதுகு மட்டும்தான் தெரியும். முகம் வரைய வரவில்லை, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஆனால் இது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

பாதி வேலையில் பார்க்கக் கூடாது என்று அப்பாவுக்கு உத்தரவு போட்டிருந்தேன். மனிதர் பதினெட்டு நாளும் தலையைக் குனிந்துகொண்டே அந்தப் பக்கம் போய் வந்தார். முடிந்த அன்றைக்குச் சாவியோடு வந்து கதவைத் திறந்தார். உள்ளே ஒரு பியூஸைப் பார்ப்பார், கதவைச் சாத்தி வெளியே ஒரு கோட்டைப் பார்ப்பார். மறுபடி திறப்பார், மறுபடி சாத்துவார். பரீட்சைப் பேப்பர் திருத்துகிற மாதிரி ஒன்பதையும் பார்த்தார். கடைசியில், எல்லாம் சரி, தையல்காரர் மட்டும் இப்போது ஐந்தாவதில் இருக்கிறார், போன வருஷம் மாற்றினேன், உன்னிடம் சொல்ல மறந்துவிட்டேன் என்றார். அப்புறம் என்னைத் திரும்பிப் பார்த்து, "இவ்வளவையும் கேட்டுக்கிட்டா இருந்தே?" என்று கேட்டார். என் கையிலிருந்து பிரஷ்ஷை வாங்கி, மூன்றாவது கோட்டில் இருந்த கத்தரிக்கோலை அழித்துவிட்டு, ஐந்தாவதில் அவரே ஒன்று வரைந்தார். நண்டு மாதிரி இருக்கிறது. தையல்காரர் வாயைத் திறக்கவில்லை, லைன்மேன் கையால் வரைந்ததாயிற்றே.

நேற்று இத்தோடு நிறுத்திவிட்டேன், கேஸ் சிலிண்டர்காரர் வந்துவிட்டார். இன்றைக்கு மிச்சத்தை எழுதுகிறேன்.

போன மாதம் அப்பா காய்ச்சலில் படுத்தார் இல்லையா? அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்து குளுக்கோஸ் ஏற்றிய அன்று காலையில் இங்கே நல்ல மழை. நம் தெரு முழுக்கக் கரண்டு போய்விட்டது. மருந்துக்கடையிலும்தான். கடை பிரிட்ஜில் இன்சுலின் இருக்கிறது, கெட்டுப்போனால் எத்தனை பேருக்குக் கஷ்டம் என்று கடைக்காரர் தவியாய்த் தவித்திருக்கிறார். அப்பாவுக்குப் பதிலாக வேறு பகுதியிலிருந்து பெரிய மீசைக்காரர் ஒருவர் வந்தார். ஐந்தாவது பியூஸ் கருகி, மெயின் சுவிட்சும் விழுந்திருந்தது. புதுசு போட்டார், போன வேகத்தில் போய்விட்டது. இன்னொன்று போட்டார், அதுவும் போய்விட்டது. அந்த பியூஸில் இருக்கிற ஏதோ ஒரு வீட்டில் கோளாறு. தெரு முழுக்கக் கரண்டு இல்லாதபோது எந்தெந்த வீடு என்று எப்படித் தெரியும்? பெட்டிக்குள் ஒட்டியிருந்த சீட்டெல்லாம் ஈரத்தில் அழிந்து வருஷக்கணக்காகிறது. அப்பாவுக்கு எல்லாம் மனப்பாடம் என்பதால் புதுசாக எழுதி ஒட்டவே இல்லை. அது அவர் தப்புதான், அவரே ஒப்புக்கொண்டார்.

மீசைக்காரர் கதவைச் சாத்தியபோதுதான் படத்தைக் கவனித்திருக்கிறார். ஐந்தாவது கோட்டில் மாத்திரை அட்டை, ஒரு பூட்டு, ஒரு நண்டு. நண்டு வீடு எது என்று கேட்டாராம்! தெருவே சிரித்திருக்கிறது. தையல்காரர் கையைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தார். அவர் வீட்டு மோட்டாரில்தான் மழைத் தண்ணீர் இறங்கியிருந்தது. அதை மட்டும் துண்டித்துவிட்டு பியூஸைப் போட்டார்கள், போகாமல் நின்றது, தெருவுக்கே கரண்டு வந்தது. மொத்தம் இருபது நிமிஷம். இருபத்தாறு கதவையும் தட்டியிருந்தால் மத்தியானம் ஆகியிருக்கும். அப்பா அந்தக் கத்தரிக்கோலை இடம் மாற்றாமல் விட்டிருந்தால் தையல்காரர் வீட்டுக்கு யாரும் போயே இருக்க மாட்டார்கள்.

மீசைக்காரர் சும்மா இருக்காமல் ஆபீஸில் போய்ச் சொல்லிவிட்டார். இன்ஜினியர் நேரில் வந்து பார்த்தார். அப்பா எழுந்து நடமாட ஆரம்பித்ததும் ஆபீஸுக்குக் கூப்பிட்டு, இந்தப் பகுதியில் இருக்கிற நாற்பது பெட்டிக்கும் எந்த பியூஸில் எந்த வீடு என்று சொல்லச் சொன்னார்களாம். உன் அப்பா எந்தக் காகிதத்தையும் பார்க்காமல் சொல்லச் சொல்ல, இரண்டு பேர் எழுதிக்கொண்டார்கள். இன்ஜினியரே எழுந்து நின்று, நீங்க உட்காருங்க என்று தன் நாற்காலியைக் கொடுத்தாராம். உன் மாமனார் வீட்டில் நீ சொல்லி வைத்திருக்கிற அந்த நாற்காலியில் அன்றைக்குப் பூராவும் உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் வந்து இடுப்பு பிடித்துக்கொண்டது, தைலம் தேய்த்துவிடு என்றார். எனக்கு இருந்த பெருமைக்கு அளவே இல்லை.

அதற்கு அடுத்த வாரம்தான் நீ போன் செய்தாய்.

போனை வைத்ததும் அவர் வழக்கம்போலச் சாப்பிட்டார், படுத்தார். மறுநாள் காலையில் ஏணியைத் தூக்கிக் கொல்லைப்பக்கம் கொண்டுபோய் வைத்தார். அப்புறம் ஆபீஸ் சாம்பல் பெயிண்ட் டின் ஒன்றை எடுத்துக்கொண்டு வெளியே போனார். கேட்டுக்கு அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். எட்டிப் பார்த்தால் பெட்டி முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறார். படத்தில் இருக்கிற ஏணியின் கீழ்ப்படியில் ஒரு பட்டை அடித்தாயிற்று. என்ன செய்கிறீர்கள் என்று ஓடினேன். "பொண்ணு கேட்டுட்டா. நான் அதுல இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? கோடெல்லாம் அப்படியேதானே இருக்கப் போகுது" என்றார். முகத்தில் கோபம் இல்லை, வருத்தம்கூட இல்லை. யார் வீட்டிலோ வயரை மாற்றுகிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பெற்ற வயிறு எரிந்தது, குட்டி. உன்னிடம் மறைக்க மாட்டேன்.

டின்னை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டேன். "இது நான் வரைஞ்ச படம். இதுல உங்களை அழிக்க உங்களுக்கே உரிமை கிடையாது" என்றேன். எதிரே தையல்காரர் மிஷினை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அன்றிலிருந்து இன்று வரை அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நான் இப்படி எழுதுவதும் அவருக்குத் தெரியாது.

உன் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. சொன்னதை மாற்றிச் சொல்வது லேசான காரியமா? ஆனால் உன் மாமியார் போன் செய்கிறபோதெல்லாம் என் முழங்காலை மறக்காமல் விசாரிக்கிறார். அப்படிப்பட்ட மனுஷி ஏணியைப் பார்த்து முகம் சுளிப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. சுளித்தாலும் சுளித்துவிட்டுப் போகட்டும், நான் நல்லபடியாகவே பரிமாறுவேன். அவர்களை அழைத்துக்கொண்டு தெருவுக்குள் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது அந்தப் பெட்டிதான். யார் இவர் என்று கேட்பார்கள். பதிலை நான் சொல்ல மாட்டேன், தெருக்காரர்களிடமும் சொல்லி வைத்திருக்கிறேன், யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். நீதான் சொல்ல வேண்டும்.

முடிந்தால் ஒரு நாள் முன்னதாக, நீ மட்டும் வா. அப்பா அடித்த அந்தச் சாம்பல் பட்டையை நான் தொடவில்லை, அப்படியே விட்டிருக்கிறேன். மிச்சப் பெயிண்டைப் பத்திரமாக மூடி வைத்திருக்கிறேன். சாம்பல் நிறமும் இருக்கிறது, ஏணிக்கு அடித்த பழுப்பும் இருக்கிறது. நீ எதை எடுத்தாலும் நான் தடுக்க மாட்டேன், பிரஷ்ஷை நானே கழுவித் தருகிறேன்.

உன் வீட்டில் எந்த நாளும் விளக்கு அணையாமல், நீயும் மாப்பிள்ளையும் நீடூழி நன்றாக இருக்க வேண்டும். இருமலுக்கு மருந்து சாப்பிடு.

இப்படிக்கு,
லைன்மேன் பெண்டாட்டி,
உன் அம்மா