வாய்தா மேடம்

மார்ச் 4, செவ்வாய்

இன்று நீதிமன்றத்தில் நான் பேசியது ஒரே ஒரு வாக்கியம். "சீனியர் வேறு கோர்ட்டில் இருக்கிறார், வாய்தா வேண்டும்." நீதிபதி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நான் வாயைத் திறக்கும்போதே அடுத்த தேதியைப் போட்டுவிட்டார். வக்கீலாகி நான்காவது வருடம் நடக்கிறது. மற்றவர்களுக்கு வாய்தா என்றால் வழக்கு தள்ளிப்போவது. எனக்கு அதுதான் பிழைப்பே.

கேன்டீனில் டீ வாங்கப் போனால் பின்னாலிருந்து அரசு வக்கீலின் குரல்: "வாய்தா மேடத்துக்கு வழி விடுங்கப்பா." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நான் சிரித்ததை நினைத்தால்தான் எரிச்சலாக இருக்கிறது.

மார்ச் 6, வியாழன்

சீனியர் ஒரு கேஸ் கட்டைத் தூக்கி என் மேஜையில் போட்டார். "சின்ன கேஸ்தான். நீயே நடத்து." சின்ன கேஸ் என்றால் அவருக்கு நேரமில்லை என்று அர்த்தம். இருக்கட்டுமே. நீயே நடத்து என்றாரே.

கட்சிக்காரர் ஒரு பூட்டுக்காரர். சாவியைத் தொலைத்தவர்களுக்குக் கதவைத் திறந்து கொடுப்பவர். போன வருடம் ஒருவன் போனில் கூப்பிட்டு, "என் வீடுதான், சாவி தொலைஞ்சுபோச்சு" என்றிருக்கிறான். இவரும் போய் அந்த அடுக்குமாடி வீட்டைத் திறந்து கொடுத்திருக்கிறார். வெளியூரிலிருந்து உண்மையான வீட்டுக்காரர் திரும்பி வந்து பார்த்தால் பீரோ காலி. கூப்பிட்டவன் ஆளையே காணோம். அவன் பேசிய நம்பர் என்றைக்கோ செத்துப்போன யாரோ ஒருவர் பெயரில் இருக்கிறது. எதிர்வீட்டு அம்மாள் பூட்டுக்காரரை அடையாளம் காட்டிவிட்டார். கூப்பிட்டவன் என்று ஒருவன் கிடையவே கிடையாது, திறந்தவர்தான் திருடினார் என்று இன்ஸ்பெக்டர் குற்றப்பத்திரிகை எழுதிவிட்டார்.

"இப்பல்லாம் யாரும் கூப்பிடறதில்ல வக்கீலம்மா," என்றார் பூட்டுக்காரர். "கதவு சாத்திக்கிட்டா ராத்திரி பூரா வாசல்லயே நின்னாலும் நிப்பாங்களாம், என்னைக் கூப்பிட மாட்டாங்களாம்." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

அம்மாவோடு காய்கறி வாங்கப் போனேன். இஸ்திரி போட்ட சட்டை, படிய வாரிய தலையுடன் ஓர் ஆள் எதிரே வந்து, "வணக்கம் மேடம், சௌக்கியமா?" என்று பணிவாகக் கேட்டுவிட்டுப் போனான்.

அம்மாவின் கண்ணில் வெளிச்சம். "யாருடி அது? பேங்க்ல வேலையா? லட்சணமா இருக்கான்."

"பிக்பாக்கெட்ம்மா. போன மாசம்தான் விடுதலை."

அம்மா கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். வீடு வரும்வரை அந்தப் பிடி தளரவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றும்போது கேட்டாள்: "ஏண்டி, நல்லவங்களுக்கெல்லாம் வக்கீலே தேவைப்படாதா?"

மார்ச் 16, ஞாயிறு

பூட்டுக்காரரை அழைத்துக்கொண்டு அந்தக் கட்டிடத்துக்குப் போனேன். மூன்றாவது மாடியில் எதிரெதிரே இரண்டு கதவுகள். திருட்டுப் போன வீட்டை நான் அளந்துகொண்டிருக்க, அவர் எதிர்வீட்டுக் கதவையே பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தப் பூட்டு நான் போட்டதுதான். அன்னைக்கு அந்தக் கதவைத் திறந்துட்டுத் திரும்பினா, இந்த அம்மா கூப்பிட்டாங்க. பழைய பூட்டு மக்கர் பண்ணுதுன்னு சொன்னாங்க. கதவுக்கு உள்பக்கமா உக்காந்து, தலை நிமிராம மாத்திக் குடுத்தேன்."

"அப்ப திருட்டுப் போன வீட்ல யாரு இருந்தாங்க?"

"கூப்பிட்ட ஆளுதான். நான் திறந்ததும் உள்ள போயிட்டாரே."

"இதை ஏங்க இவ்வளவு நாளா யார்கிட்டயும் சொல்லல?"

"அது வேற வேலைல்ல வக்கீலம்மா? இந்தக் கேஸுக்கும் அதுக்கும் என்ன இருக்கு?"

மாடிப்படியிலேயே உட்கார்ந்து குறித்துக்கொண்டேன்: பீரோ காலியான நேரத்தில் இவர் சாட்சியின் வீட்டுக்குள்.

மார்ச் 17, திங்கள்

சீனியரிடம் சொன்னேன். "அந்த அம்மா வேற யாரையும் பாத்தாங்களான்னு உனக்குத் தெரியுமா?" தெரியாது. "பதில் தெரியாத கேள்வியைக் குறுக்கு விசாரணைல கேக்காத. யாரையும் பாக்கலன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டாங்கன்னா உன் ஆள் நேரா உள்ளதான்."

நியாயம்தான். ஆனால் கேட்காவிட்டாலும் உள்ளேதானே?

ஏப்ரல் 1, செவ்வாய்

நாளைக்குக் குறுக்கு விசாரணை. அம்மா சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்: "நாளைக்கும் வாய்தாதானே?"

ஏப்ரல் 2, புதன்

நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதிவைக்கிறேன்.

முதலில் இன்ஸ்பெக்டர். கூண்டில் ஏறியவர் என்னைப் பார்த்த பார்வையிலேயே, இவளும் வாய்தாதான் கேட்கப் போகிறாள் என்ற நிம்மதி தெரிந்தது. அந்த மாடியில் வேறு யாரையாவது விசாரித்தீர்களா? இல்லை. காவலாளியை? இல்லை. எதிர்வீட்டு அம்மாளிடம் வேறு யாரையாவது பார்த்தாரா என்று கேட்டீர்களா? "அதுக்கு அவசியம் ஏற்படல." ஏன் ஏற்படவில்லை? கோப்பைப் புரட்டினார். மறுபடியும் கேட்டேன். கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

அப்புறம் எதிர்வீட்டு அம்மாள்.

"உங்க வீட்டுக் கதவுக்குப் புதுப் பூட்டு எப்ப போட்டீங்க?"

"திருட்டு நடந்த அன்னைக்குத்தான்."

"யார் போட்டாங்க?"

கூண்டில் ஏறியதிலிருந்து முதல் முறையாக அவர் பூட்டுக்காரரைப் பார்த்தார். "இவர்தான். நல்லா போட்டிருக்காரு," என்றார். நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார்.

இனி அந்தக் கேள்விதான். சீனியர் சொன்னது காதிலேயே நிற்கிறது. வாய்தா கேட்டுவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது, சத்தியமாக.

கேட்டேன். "இவர் உங்க வீட்ல வேலை பாத்துக்கிட்டிருந்தப்ப, எதிர்வீட்ல இருந்து யாராவது வெளிய வந்தாங்களா?"

அந்த அம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"வந்தாரு. ரெண்டு பெட்டி வச்சிருந்தாரு. அந்த வீட்டு மாப்பிள்ளைன்னு சொன்னாரு. பாவம், தூக்க முடியாம தூக்கிக்கிட்டு வந்தாரேன்னு நான்தான் போய் லிஃப்ட் கதவைப் பிடிச்சுக்கிட்டேன்."

கோர்ட்டே சிரித்தது. நீதிபதி மேஜையைத் தட்டினார், தட்டும்போது அவருக்கும் உதடு துடித்தது.

"இதை ஏம்மா போலீஸ்ல சொல்லல?"

"அவங்க இவரைப் பத்தி மட்டும்தான் கேட்டாங்க. திருடனுக்கே கதவு பிடிச்சேன்னு நானா போய் எப்படிம்மா சொல்வேன்? வீட்ல என்னை வச்சு வாங்கிடுவாங்க."

அந்த அம்மாளைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் உட்கார்ந்தபோது எனக்குக் கால் தரையில் படவில்லை.

ஏப்ரல் 24, வியாழன்

விடுதலை. பூட்டுக்காரர் வராந்தாவில் ஒரு தூணுக்குப் பின்னால் போய் நின்று அழுதார். நான் பார்க்காதமாதிரி சீனியரோடு பேசிக்கொண்டிருந்தேன். சீனியர் சொன்னார்: "உன் பேரை விருதுக்கு அனுப்பியிருக்கேன்." வழக்கறிஞர் சங்கம் கொடுக்கும் சிறந்த இளம் குற்றவியல் வழக்கறிஞர் விருது. ஒன்றும் பெரிதில்லை என்றேன். வீடு வரும்வரை பேருந்தில் ஏற்புரை தயாரித்துக்கொண்டு வந்தேன்.

மே 10, சனி

அம்மா கல்யாணத்துக்குக் கிளம்புவதுபோல் கிளம்பினாள். மூன்றாவது வரிசையில், எழுந்து போக வசதியாக, ஓரத்து நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தோம்.

பெயர் வாசித்தார்கள். என்கூடப் படித்தவன். ஒரு பணக்காரரின் மகனுக்கு ஜாமீன் வாங்கிக் கொடுத்து டிவியில் வந்தவன். கைதட்டினேன். நன்றாகவே தட்டினேன். பக்கத்திலிருந்தவர் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு.

ஏன்? அவன் ஒரு சாட்சியையாவது விசாரிச்சிருக்கானா? இன்னைக்கு வரைக்கும் ஒரு முழு கேஸ் நடத்தியிருக்கானா? சரி விடு. யார்கிட்டப் போய்ச் சொல்றது. வயிறு எரியுது, அவ்வளவுதான்.

ஆட்டோவில் திரும்பினோம். வீட்டு வாசலில் அம்மா சொன்னாள்: "அந்தப் பையன் மைக்குல பேசினது ஒண்ணும் சரியில்ல. நீ பேசியிருந்தா நல்லா இருந்திருக்கும்."

மே 11, ஞாயிறு

நாளெல்லாம் தூங்கினேன்.

ஜூலை 7, திங்கள்

சாயங்காலம் ஆபீஸில் தனியாக இருந்தேன். யாரோ கதவைத் தட்டினார்கள். சீருடை இல்லாமல் வந்ததால் முதலில் ஆள் தெரியவில்லை. இன்ஸ்பெக்டர். பூட்டுக்காரரைப் பிடித்த அதே இன்ஸ்பெக்டர்.

"சீனியர் இல்ல சார், நாளைக்குத்தான் வருவார்."

"அவரைப் பாக்க வரல."

நின்றுகொண்டே சொன்னார். ஸ்டேஷனில் பறிமுதல் செய்து நிறுத்தியிருந்த வண்டி ஒன்று காணாமல் போய்விட்டதாம். இவர்தான் விற்றுவிட்டார் என்று வழக்கு. வேலையிலிருந்து நிறுத்திவைத்திருக்கிறார்கள். தான் எடுக்கவில்லை என்றார். எடுக்கவில்லையா? தெரியாது. கேட்டால்தான் தெரியும்.

"எத்தனையோ பெரிய வக்கீலுங்க இருக்காங்களே சார்."

அவர் தரையைப் பார்த்தார். "அன்னைக்கு என்னைக் கூண்டுல நிக்க வச்சுக் கேட்டீங்களே மேடம். அந்த மாதிரி எனக்காக, என் மேல கேஸ் போட்டவங்களை யாராவது கேக்கணும்."

அவரை நாற்காலியில் உட்காரச் சொன்னேன். குடிக்கத் தண்ணீர் கொடுத்தேன். அப்புறம் கதவைச் சாத்திவிட்டு வந்து பேனாவைத் திறந்தேன்.