புள்ளி வைக்காத கிட்டார்

கெலவரப்பள்ளி,
பிப்ரவரி 1993, ஞாயிறு.

அன்புள்ள தம்பி வெள்ளைச்சாமிக்கு, சென்னகிருஷ்ணனின் அப்பா ஆஞ்சப்பன் எழுதிக்கொண்டது.

என் கையெழுத்தைப் பார்த்துச் சலித்துக்கொள்ளாதே. கோடு போட்ட தாளில்தான் எழுதுகிறேன். ஆனாலும் எழுத்துகள் மேட்டில் ஆடு ஏறுகிற மாதிரி ஏறிப் போகின்றன. 'ழ' எனக்கு இன்னும் சரியாக வரவில்லை. அது வருகிற இடத்தில் தாள் கிழிந்திருந்தால் பொறுத்துக்கொள். மண்வெட்டி பிடித்த கை, பேனாவையும் அதே அழுத்தத்தில்தான் பிடிக்கிறது. காலையில் உட்கார்ந்தேன், இப்போது வெயில் சாய்கிறது. யாரிடமும் சொல்லி எழுத வைக்கவில்லை, தம்பி. முழுக்க நானே எழுதுகிறேன்.

இங்கே நானும் அவன் அம்மா மாதம்மாளும் சுகம். சென்னகிருஷ்ணனும் சுகம் என்று எழுதி அடித்திருக்கிறேன். அடித்ததைப் பார்த்துப் பயந்துவிடாதே. வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

அறிவொளி வகுப்புக்குப் போகிறேன். சாயங்காலம் பள்ளிக்கூடத்தில் நடக்கிறது. சொல்லித்தருகிற சரஸ்வதி உங்கள் தெற்குச் சீமைப் பெண். அவள் புருஷன் நீயும் சென்னகிருஷ்ணனும் வேலை செய்த கம்பெனியில்தான் இருக்கிறான். "தாத்தா, பஸ் போர்டைப் படிக்கிற வரைக்கும் உங்கள விடமாட்டேன்" என்று பிடித்துக்கொண்டாள். இப்போது படிக்கிறேன். போன சந்தையன்று கிருஷ்ணகிரி போக வேண்டிய ஒருவர் பாகலூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருந்தார். நான்தான் இறக்கிவிட்டேன். அன்று முழுவதும் எனக்குக் கால் தரையில் படவில்லை.

இனி அவனைப் பற்றி எழுத வேண்டும். ஆஸ்பத்திரியில் நீ பார்த்துவிட்டுக் கோவளத்துக்குப் போன பிறகு கட்டு பிரித்தார்கள். பிரஸ் மெஷின் எடுத்துக்கொண்டது போக இடது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும்தான் உருப்படியாக இருக்கின்றன. கம்பெனியில் ஸ்டோரில் வேலை தருகிறோம் என்று சொல்லி அனுப்பினார்கள். அவன் போகவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்தவன் படுத்தபடியே இருந்தான். சோறு வைத்தால் பாதி சாப்பிடுவான். பேச்சு மட்டும் இல்லை. கோபித்துக்கொண்டாவது ஏதாவது சொல்லடா என்று மாதம்மாள் அழுது பார்த்தாள். அதுவும் இல்லை. உன் கடிதங்கள் வரும்போது வாங்கிப் பிரிக்காமலே கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவான்.

கடைசியாக நீ போட்டதை நான் பிரித்தேன். அடுத்தவர் கடிதத்தைப் பிரிப்பது தப்பு என்று தெரியும். ஆனால் எழுத்து தெரிந்த பிறகு, ஒட்டிய கவரைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. அவன் கால்மாட்டில் உட்கார்ந்து சத்தமாகப் படித்தேன்.

நீ அவசரக்காரன், தம்பி. எழுத்துக்கு மேல் புள்ளியே வைப்பதில்லை. எனக்கு ஒவ்வொரு எழுத்தாகத்தான் வரும். "கடையில் ரெண்டு பேச கிட்டார் பார்த்திருக்கிறேன், எதை எடுக்கலாம்" என்று படித்தேன். பேசுகிற கிட்டார் கூட வந்துவிட்டது போல என்று நினைத்து, மாதம்மாளைக் கூப்பிட்டு இன்னொரு தரம் படித்தேன்.

அப்போது சுவர்ப் பக்கமிருந்து குரல் வந்தது. "பேச இல்ல நைனா. பேஸ்."

மாதம்மாள் கையிலிருந்த முறத்தை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்தால் மறுபடி வாயை மூடிக்கொள்வான் என்று பயம். தாளையே பார்த்துக்கொண்டு அடுத்த வரியைப் படித்தேன். நம்ம சர்ப் மியூசிக்குக்கு எது ஒத்து வரும் என்று நீ கேட்டிருந்தாய். சர்ப் எனக்குத் தெரிந்த வார்த்தை. மளிகைக் கடையில் தொங்குகிற சோப்புத் தூள் பொட்டலத்தில் நானே எழுத்துக்கூட்டிப் படித்தது. துணி துவைக்கிறதுக்கு எதுக்குடா கிட்டார் என்று கேட்டேன். மாதம்மாள் சும்மா இருப்பாளா. "உங்க நைனாவுக்குப் படிப்பு வந்ததும் வந்துச்சு, சோப்புத் தூளு எல்லாம் பாட்டுப் பாடுது" என்றாள்.

அவன் திரும்பிப் படுத்தான். சிரித்தான் என்று எழுத மாட்டேன். உதடு கொஞ்சம் அசைந்தது. அது கடல் அலை நைனா, அலை மேல பலகை போட்டு நின்னுட்டு வருவாங்க, அந்த ஆட்களோட பாட்டு என்றான். நான் கடல் பார்த்ததில்லை. அணையில் ஷட்டர் திறக்கும்போது வருகிற தண்ணீர் மாதிரியா என்று கேட்டேன். "கிட்டத்தட்ட" என்றான். ஆயுத பூஜைக்குக் கம்பெனியில் நீங்கள் வாசித்தபோது நான் முன்னால்தான் உட்கார்ந்திருந்தேன், நினைவிருக்கிறதா. பாட்டு எப்போது ஆரம்பிக்கும் என்று கடைசிவரை காத்திருந்தேன். அதில் வார்த்தையே கிடையாது என்று இப்போதுதான் தெரிந்தது.

பேஸ் என்றால் தடித்த கம்பி போட்டு, பாட்டுக்கு அடியில் தும் தும் என்று ஒலிக்கிற கிட்டாராம். உன் கேள்விக்கு அவன் சொன்ன பதிலை எழுதுகிறேன். பளபளவென்று இருக்கிற புதுசு வேண்டாமாம். அதன் கம்பி மணி அடித்த மாதிரி நீளமாக இழுக்குமாம். "வெள்ளையன் வாசிக்கிற கிட்டாரு எதிரொலியோட நனஞ்சு வரும் நைனா. அதுக்குக் கீழ பேஸ் காஞ்சு இருக்கணும். ரெண்டும் நனஞ்சா சேறாயிடும்" என்றான். மேல்பக்கம் வழவழப்பாக, தட்டையாகச் சுற்றிய கம்பி போட வேண்டுமாம். கம்பிக்கு அடியில் ரப்பர் செருப்பில் ஒரு துண்டு வெட்டிச் சொருகினால், அடித்ததும் தும் என்று நின்றுவிடுமாம். மாதம்மாளுடைய ஒற்றைச் செருப்பு ஒரு நாள் காணாமல் போய், அவள் தெரு நாயைத் திட்டித் தீர்த்தாளே, அது எங்கே போயிற்று என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

பிறகு அவனாகவே, கிட்டார் கழுத்து குட்டையாக இருக்கிறதைப் பார்த்து எடுக்கச் சொல்லுங்க என்றான். ஏன் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. "விரலை ரொம்ப அகட்ட வேண்டியதில்ல" என்று சொல்லி, காட்டுவதற்காக இடது கையைத் தூக்கினான்.

விரல் இல்லாத இடத்தைப் பார்த்தான். பிறகு கையைத் துண்டுக்குள் வைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டான்.

மறுநாள் வகுப்பு விட்டு வந்து அதே கடிதத்தை எடுத்தேன். நீ விட்ட புள்ளியை 'ஸ'வுக்கு மேல் நானே வைத்து, பேஸ் என்று சரியாகப் படிக்க எனக்கு இப்போது தெரியும், தம்பி. ஆனாலும் பேச கிட்டார் என்றே படித்தேன். "பேஸ் நைனா" என்றான். அதற்கு மறுநாளும் அப்படியே. சரஸ்வதியிடம் சொன்னேன். அவள் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பலகையை அழித்துக்கொண்டே, "அப்படியே படிங்க தாத்தா, உங்களுக்கு மார்க் குறைக்க மாட்டேன்" என்றாள்.

ஒரு சாயங்காலம், தட்டைக் கம்பி என்றால் என்ன என்று கேட்டதற்குக் கட்டிலுக்கு அடியிலிருந்து அவனுடைய கிட்டாரையே எடுத்தான். மடியில் வைத்து, இடது கையைப் பக்கத்தில் விட்டுவிட்டு, தடித்த கம்பியை வலது கையால் தட்டினான். மறுபடி தட்டினான். ஒரே சத்தம். கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்த எனக்கு அது உடம்பில் தெரிந்தது. மாதம்மாள் அடுப்பைவிட்டு வந்து வாசற்படியில் உட்கார்ந்தாள். எனக்கு வந்த சந்தோஷத்தை எழுத என்னிடம் இன்னும் வார்த்தை சேரவில்லை.

அதை அவனே கெடுத்தான். கம்பியைத் துடைத்து, கிட்டாரைப் போர்வையில் சுற்றிக்கொண்டே, "வெள்ளையன் எதுக்குக் கடையில போயி தேடணும்? இதையே அனுப்பிடுங்க நைனா. லாரி சர்வீஸ்ல போட்டா போயிடும்" என்றான். அதைச் சொல்லும்போது அவன் முகம் தெளிவாக இருந்தது. அந்தத் தெளிவுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

கைக்கடிகாரத்தைப் பக்கத்து வீட்டு முனிசாமிக்குக் கொடுத்துவிட்டான். சைக்கிளை அவன் மாமன் வந்தபோது ஓட்டிக்கொண்டு போகச் சொன்னான். கல்யாணத்துக்கு என்று எடுத்து வைத்திருந்த புதுச் சட்டையும் போய்விட்டது. மிச்சம் இருப்பது இந்தக் கிட்டார்தான். இதையும் கொடுத்துவிட்டால் அவனிடம் கொடுக்க ஒன்றும் இருக்காது. மாதம்மாள் அதைத் தூக்கித் தன் மரப்பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியைக் கழுத்தில் போட்டிருக்கிறாள். அவன் கொல்லையில் கிணற்றுப் பக்கம் போனால் இவளும் ஏதாவது வேலை வைத்துக்கொண்டு பின்னாலேயே போகிறாள். நாங்கள் இருவரும் இதைப் பற்றிப் பேசிக்கொள்வதில்லை.

அதனால்தான் அவனுக்குத் தெரியாமல் இந்தக் கடிதம். கிட்டாரை அனுப்புகிறேன் என்று அவன் எழுதினால் வேண்டாம் என்று சொல்லாதே. சரி என்றும் சொல்லாதே. உனக்கு இன்னும் சந்தேகம் இருக்கிறது என்று எழுது. எந்தக் கம்பி, எவ்வளவு தடிமன், செருப்புத் துண்டை எந்த இடத்தில் சொருகுவது, உன் பாட்டுக்கு இது போதுமா என்று கேள். ஒரு கடிதத்தில் ஒன்று கேட்டால் போதும். அவன் பதில் சொன்னால் அதிலிருந்து இன்னொன்றைக் கேள். நீ காதாலேயே சுருதி சேர்க்கிறவன். எந்தக் கிட்டார் நல்லது என்று உனக்குத் தெரியாமலா அவனைக் கேட்டிருப்பாய்? நீ ஏற்கெனவே வாங்கியிருந்தாலும் இருக்கலாம். அதை எங்களுக்கு எழுத வேண்டாம்.

முடிந்தால் நேரில் வா. உனக்குக் கடலைவிட்டு வர முடியாவிட்டால், அவன் கடலைப் பார்க்க வேண்டும் என்று நீயே எழுதிக் கூப்பிடு. நான் கூட்டிக்கொண்டு வருகிறேன். பஸ் போர்டு எனக்குப் படிக்கத் தெரியும்.

உன் கைகளும் விரல்களும் நன்றாக இருக்க வேண்டும் என்று மாதம்மாள் மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டிருக்கிறாள். நீ ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். இன்னொன்றும் கேட்கிறேன். என் எழுத்தைப் பார்த்து, கிழவனுக்குப் படிக்கச் சுலபமாக இருக்கட்டும் என்று நீ திருத்தமாக எழுத ஆரம்பித்துவிடாதே. பழையபடி புள்ளி வைக்காமலே எழுது. நான் தப்பாகப் படிக்க வேண்டும்.

அடுத்த ஞாயிறும் இதே இடத்தில் உட்கார்ந்து உனக்கு எழுதுவேன். அதுவரை எந்தக் கிட்டாரையும் முடிவு செய்துவிடாதே, தம்பி.

இப்படிக்கு,
ஆஞ்சப்பன்
(கைநாட்டு இல்லை, கையெழுத்து)