கச்சான் முடிந்த பிறகு

ஏப்ரல் 22

சாப்பாட்டறைச் சுவர் மறுபடியும் கறுத்துவிட்டது. போன மாதம்தான் பூஞ்சணத்தைச் சுரண்டி, மருந்து அடித்து, வெள்ளை பூசினேன். ஹந்தானைப் பக்கத்து மழைக்கு வெள்ளை நிறம் பிடிக்காது போலிருக்கிறது. வீட்டுக்காரரிடம் முறையிட்டேன். கண்டியில் எந்த வீட்டுச் சுவர் காய்ந்து கிடக்கிறது என்று கேட்டார். நியாயமான கேள்வி. அடுத்த மாதத்திலிருந்து வாடகையைக் கூட்டுகிறாராம்.

மஸாஹிராவுக்கு இன்றும் இழுப்பு. ஒரு வசனத்தை முடிப்பதற்குள் இரண்டு இடத்தில் நிற்கிறாள். "அலுமாரிக்கு மேல ஈக்கிற..." என்று நின்றாள். நான் குடையை எடுத்துக் கொடுத்தேன். தலையை ஆட்டினாள். தைலப் போத்தலைக் கொடுத்தேன். அதுவும் இல்லை. வேண்டியிருந்தது கத்தரிக்கோல்.

கலியாணம் முடித்த நாளிலிருந்து இவள் மூச்சு விடாமல் பேசுகிறாள் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன் நான். இப்போது அவளுடைய வசனங்களையும் நானே முடிக்க வேண்டியிருக்கிறது. பெரும்பாலும் பிழையாகத்தான் முடிக்கிறேன்.

ஏப்ரல் 25

டொக்டர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்தார், சுவாசப்பையைப் பற்றிச் சொன்னார், பிறகு எங்கள் வீடு எங்கே என்று கேட்டார். சொன்னதும் பேனாவை மூடி வைத்தார். மருந்தை விட ஈரமில்லாத வீடுதான் முக்கியமாம். "கண்டியிலா?" என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. இன்னொரு பனிக்காலத்தை இந்த வீட்டில் கழிப்பது நல்லதில்லை என்றார்.

பஸ்ஸில் வரும்போது மஸாஹிரா ஒரு விஷயத்தை மூன்று மூச்சில் சொன்னாள். பெப்ரவரியில் ஹபீலின் மகளுடைய கலியாணத்துக்கு கிழக்குக் கரையில் நிந்தவூர் போய் ஐந்து நாள் நின்றோமே, அங்கே அவள் இழுப்புக்கு அடிக்கும் பம்பைத் தொடவே இல்லை. உண்மைதான். அங்கே அவள் சமையற்கட்டில் உட்கார்ந்து, தெரியாத பெண்களுக்கெல்லாம் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது. இப்போது அந்தச் சத்தம் வேண்டும் போலிருக்கிறது.

மே 3

ஹபீலுக்கு போனில் கோல் எடுத்தேன். நிந்தவூரில் துணிக்கடை வைத்திருப்பவர். வருடா வருடம் கண்டிக்கு வந்து என் கடையில் மொத்தமாகக் குடை எடுப்பார். அந்தப் பழக்கம்தான். அவருடைய தங்கைக்குக் கொடுத்த வீடு சும்மா கிடக்கிறதாம், தங்கை புருஷனோடு குவைத்தில். வாடகை இங்கே கொடுப்பதில் பாதி. சுவர் எப்படி என்று கேட்டேன். சுவரைப் பற்றி யாரும் கேட்டதில்லை என்றார்.

ஒரே ஒரு நிபந்தனை. "கச்சான் முடிஞ்சு மறுகா வாங்க காக்கா."

மறுகா என்றால் பிறகு. அண்ணனை நாங்கள் நானா என்போம், அவர்கள் காக்கா என்கிறார்கள். ஒரே கோலில் இரண்டு சொல் படித்தேன். மூன்றாவது சொல்லைப் படிக்க வேண்டியிருக்கவில்லை. கண்டி பஸ் நிலையத்தில் கடதாசிச் சுருளில் வறுத்து விற்கும் நிலக்கடலை. கச்சான் கச்சான்தான்.

ஆக, நான் குடியிருக்கப் போகும் வீட்டில் இப்போது ஹபீல் கச்சான் மூட்டை அடுக்கி வைத்திருக்கிறார்.

மே 4

மஸாஹிராவிடம் சொன்னேன். கச்சான் அவளுக்கு விருப்பம். ஆனால் தோல் தூசி ஆகாதே என்கிறாள். தன் தங்கை சகீனாவுக்கும் கோல் எடுத்து, கச்சான் நிறைந்த வீடு கிடைத்திருப்பதாகச் சொல்லிவிட்டாள்.

மே 9

மறுபடி ஹபீல். கடை வாடகை ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது, கடைச் சொந்தக்காரர் தன் மகனுக்கு போன் கடை போட்டுக் கொடுக்கப் போகிறார், இங்கே வீட்டு வாடகையும் கூடுகிறது, காத்திருக்க வசதியில்லை என்று விளக்கினேன். கச்சான் எப்போது முடியும் என்று கேட்டேன்.

"செப்டம்பர் மட்டும் கிடக்கும், காக்கா."

செப்டம்பர்வரையா? அவ்வளவு காலமா? விலை ஏறும்வரை வைத்திருந்து விற்பார் போலும். வியாபாரி புத்தி, எனக்கு விளங்கும். பரவாயில்லை, கச்சான் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், எங்களுக்குக் கஷ்டமில்லை என்றேன்.

"ராத்தாக்கு ஏலுமா? தூசியெல்லோ." அக்காவை நாங்கள் தாத்தா என்போம், அவர்கள் ராத்தா என்பார்கள்; மஸாஹிராவைத்தான் சொல்கிறார்.

"பொலித்தீன் கொண்டு வாறேன். மூடி வெப்போம்."

"என்னத்த மூடுற?"

"கச்சானத்தான்."

ஹபீல் நெடுநேரம் சிரித்தார். "கண்டிக்காரருக்கு நல்ல பகிடி வருது," என்றார். பிறகு, உங்கள் விருப்பம், வீட்டைக் கூட்டி வைக்கிறேன் என்றார். இதில் பகிடி எங்கே இருக்கிறது என்று விளங்கவில்லை. கிழக்கில் வேறு மாதிரிச் சிரிப்பார்கள் போலும்.

மே 23

மகன் கட்டாரிலிருந்து செய்தி அனுப்பியிருக்கிறான். "வாப்பா, யோசிச்சுச் செய்யுங்க. அங்க சரியான வெயில்." கட்டாரிலிருந்து.

மே 31

கடையைப் பூட்டிச் சாவியைக் கொடுத்தேன். விற்காத குடைகள் ஏழெட்டுக் கட்டு. கண்டியில் குடை விற்றவன் மழையில்லாத ஊருக்குப் போகிறானா என்று அடுத்த கடை முனாப் கேட்டான். நாள் முழுக்க இதற்குப் பதில் யோசித்தேன்.

ஜூன் 12

ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்தது. இனிச் சாமான்.

லொறிக்கு அறுபத்தையாயிரம் கேட்கிறார் கலஹா ரவிகுமார். அறுபதுக்கு இறங்கினார். சுடுதண்ணீர் மெஷினைக் கழற்றி விற்றேன்; அந்தக் காசு மேசைக் காற்றாடிக்குச் சரி. நான்கு கம்பளிப் போர்வையையும் ஏற்ற வேண்டும் என்று மஸாஹிரா பிடிவாதம். அங்கே வியர்த்து வழியுமே என்றேன். "வேர்த்தா... எடுத்துப் போடுவோம். குளிந்தா... எங்க போற?" என்றாள். பதில் சொல்ல ஏலாத கேள்விகளை மூச்சு முட்டினாலும் கேட்டுவிடுகிறாள்.

அலுமாரியை ரவிகுமார் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "முதலாளி, இது அலுமாரி இல்லீங்க, வீடு. இத ஏத்துனா மத்த சாமானெல்லாம் நீங்க தோள்ல தூக்கிட்டு நடக்கணும்." அலுமாரி சகீனா வீட்டுக்குப் போயிற்று. சகீனா அழுதாள். அலுமாரிக்காக அல்ல என்று நினைக்கிறேன், வீட்டில் இடம் குறைந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம்.

பொலித்தீன் ஒரு ரோல் வாங்கினேன். தடித்தது.

ஜூன் 19

விடிந்ததும் புறப்பட்டோம். முன் ஆசனத்தில் மூன்று பேர். தெல்தெனிய தாண்டும்வரை மழை, மஸாஹிரா வாயைத் துணியால் மூடிக்கொண்டிருந்தாள். பதினெட்டு வளைவில் இறங்க இறங்க வெளிச்சம் கூடிற்று. மஹியங்கனையில் தேநீருக்கு நிறுத்தியபோது துணியை எடுத்துவிட்டு, "நல்லா ஈக்கி," என்றாள். நடுவில் நிற்கவில்லை. இரண்டு சொல்தான், இருந்தாலும் நிற்கவில்லை. நான் அந்த அறுபதாயிரத்தை மறந்துவிட்டேன்.

அம்பாறை தாண்டியதும் லொறி ஒரு பக்கமாக ஆட ஆரம்பித்தது. "காத்து பலமா இருக்குங்களே," என்றார் ரவிகுமார். ரோட்டில் மண் ஓடியது. கண்ணாடியை ஏற்றினோம்.

ஹபீல் வாசலில் காத்துக்கொண்டு நின்றார். வீடு சுத்தம். சுவர் வெள்ளை வெளேர். அறை அறையாகப் பார்த்தேன். ஒரு மூட்டையும் இல்லை. கூரைத் தகடு மட்டும் யாரோ ஏறி நடப்பது போல அடித்துக்கொண்டிருந்தது.

மஸாஹிரா உள்ளே போனதும் மெதுவாகக் கேட்டேன்: "கச்சான் எங்க?"

ஹபீல் என்னைப் பார்த்தார். கையை மேற்கே நீட்டினார். "இந்தா அடிக்கிதே."

வாயைத் திறந்தேன். வாய்க்குள் மண்.

ஜூன் 20

கச்சான் என்பது காற்று. மேற்கிலிருந்து அடிக்கும் சூட்டுக் காற்று. வைகாசி தொடங்கி செப்டம்பர்வரை. அரைத்த மண்ணைக் கொண்டுவந்து கட்டிலில் போடும். இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தின்கிற கச்சானுக்கும் அதே பேர்தான். ஒரே பேரில் இரண்டை ஏன் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டேன். எங்கள் ஊரில் ஏன் ஒன்றை மட்டும் வைத்திருக்கிறோம் என்று ஹபீல் கேட்டார்.

மூட்டைகளை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள் என்று மஸாஹிராவிடம் சொல்லிவைத்தேன்.

ஜூன் 27

குடையை விரித்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனேன். திரும்பும்போது கையில் கம்பி மட்டும்.

ஜூலை 8

என்ன எழுத. காலையில் ஜன்னலைத் திறந்தது நான்தான். புழுக்கமா இருக்குதுன்னு திறந்தன். ஒரு அடி அடிச்சிச்சு, அறை முழுக்க மண். அவளுக்கு மூச்சு எடுக்கவே ஏலா. உதடு நீலம். பம்புக்கும் அடங்கல்ல. பேரைச் சொல்லிக் கூப்பிடுறன், பார்க்கிறா, ஒண்டும் சொல்ல ஏலா அவளுக்கு. ஹபீல் ஓட்டோ பிடிச்சு ஆஸ்பத்திரிக்கு.

நான்தானே கொண்டு வந்தது. முடிஞ்ச பிறகு வாங்கன்னு அந்த மனுஷன் வாய் திறந்து சொன்னாரே. ஒரு தடவையா? செப்டம்பர் மட்டும்ண்டார், தூசிண்டார். தெரியாத சொல்ல ரெண்டையும் கேட்டு வெச்சன், தெரிஞ்ச சொல்ல கேக்கல்ல. யா அல்லாஹ், அவள எடுத்துராத.

ஜூலை 9

இழுப்பு இறங்கிவிட்டது. முகமூடி வைத்து மருந்துப் புகை கொடுத்தார்கள். மாலையில் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

சொல்லிவிட்டேன். மூட்டை எதுவும் இருந்ததில்லை, கச்சான் என்றால் காற்று, எனக்கு விளங்கவில்லை என்று. தலையைக் குனிந்துகொண்டுதான் சொன்னேன்.

"தெரியும்," என்றாள். "ரெண்டாம் நாளே... பக்கத்து வீட்டுப் பொம்புள சென்னாங்க. நீங்க எப்ப சொல்றண்டு... பாத்துக்கிட்டு ஈந்தன்."

பிறகு, "பொலித்தீன்," என்றாள். அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். சிரிப்பு இருமலாகி, இருமல் இழுப்பாகி, தாதி ஓடி வந்து மறுபடி முகமூடியை வைத்தாள். நோயாளியிடம் என்ன பேசினீர்கள் என்று என்னைத் திட்டினாள். பொலித்தீனைப் பற்றி என்று சொன்னேன். என்னை வெளியே போகச் சொன்னாள்.

ஜூலை 12

வீட்டுக்கு வந்தாயிற்று. மேற்குப் பக்க ஜன்னல் எல்லாவற்றுக்கும் பொலித்தீன் அடித்தேன். கதவிடுக்குக்கு ஈரத் துணி. கம்பளிப் போர்வைகளை மடித்துக் கூரைக்குக் கீழே உள்ள இடைவெளியில் திணித்தேன். மண் வரவில்லை. உள்ளே வேகிறது. மேசைக் காற்றாடி சூட்டை ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு மாற்றுகிறது.

கடைசியில் கச்சானைப் பொலித்தீனால் மூடிவிட்டேன். ஹபீல் வந்து பார்த்தார். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

ஆகஸ்ட் 6

சகீனா கோல் எடுத்தாள். "மச்சான், தாத்தாவக் கூட்டிட்டு வந்துடுங்க. ஒரு அறைய ஒதுக்கித் தாறன். அந்தக் கச்சான் தூசிதான் ஒத்துக்கொள்ளல்ல." ஆமாம் என்றேன். பொய்யில்லை.

மஸாஹிராவிடம் கேட்டேன். திரும்பிப் போவோமா? லொறிக் காசு போனால் போகட்டும். என் பிடிவாதத்துக்காக நீ இங்கே கிடக்க வேண்டாம்.

பொலித்தீன் அடித்த ஜன்னலைப் பார்த்தாள். "அங்கத்தய மழ... எப்ப முடியும்?"

"கண்டியிலா? அது முடியாதே."

"இது முடியும்ண்டு... சென்னாங்க தானே. முடியட்டும்."

எனக்குப் பயம். முடியாவிட்டால்? இவள் முந்தி முடிந்துவிட்டால்? எழுதியதை அடிக்க நினைத்தேன். இருக்கட்டும்.

ஆகஸ்ட் 21

காற்று.

செப்டம்பர் 4

காற்று. பள்ளிவாசலில் ஒருவர் இந்த வருடம் பிந்தித்தான் நிற்கும் என்கிறார். அவரோடு நான் பேசுவதில்லை.

செப்டம்பர் 25

காலையில் ஏதோ குறைகிற மாதிரி இருந்தது. என்னவென்று விளங்கவில்லை. காற்றாடியைப் பார்த்தேன், சுற்றுகிறது. பிறகுதான் தெரிந்தது, கூரையில் சத்தமில்லை. வெளியே கொடியில் போட்ட சாரம் நேராகத் தொங்கிக்கொண்டிருந்தது. நெடுநேரம் அந்தச் சாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். பக்கத்து வீட்டுக்காரி என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

செப்டம்பர் 30

ஆணிகளைக் கழற்றிப் பொலித்தீனை இறக்கினேன். சுருட்டி வைத்திருக்கிறேன், வரும் வருடத்துக்கு. மஸாஹிரா கடற்கரைப் பக்கம் நடந்து போய் வந்தாள். பம்ப் வீட்டில்தான் இருந்தது. எடுத்துப்போக மறந்துவிட்டாளாம்.

அக்டோபர் 14

முதல் மழை. கண்டி மழை மாதிரி இழுபடவில்லை. வந்தது, அடித்தது, போயிற்று. ஹபீலின் கடையில் போட்ட குடையில் ஒரு கட்டு விற்றுவிட்டது. சுவரைத் தடவிப் பார்த்தேன், காய்ந்துதான் இருக்கிறது. கார்த்திகையில் வெள்ளம் வரும் என்று ஹபீல் சொல்கிறார். வெள்ளம் என்றால் என்ன என்று கேட்டேன். தண்ணீர்தான் என்றார். உறுதிப்படுத்திக்கொண்டேன்.

பின்னேரம் சகீனா கோல் எடுத்தாள், எப்போது வந்து பார்க்கலாம் என்று. மஸாஹிரா வாசலில் கதிரையைப் போட்டு, போனை ஸ்பீக்கரில் வைத்தாள்.

"இப்ப வா. கச்சான் முடிஞ்சிட்டு."

"முடிஞ்சிட்டா? எனக்கு ரெண்டு கிலோ சரி எடுத்து வெச்சீக்கலாமே, தாத்தா!"

மஸாஹிரா ஆரம்பித்தாள். மே மாதத்துக் கோல், விலை ஏறும்வரை வைத்திருக்கும் வியாபாரி, பொலித்தீன் ரோல், நான் அறை அறையாகப் போய் மூட்டை தேடியது, குடைக் கம்பி, தாதி என்னை வெளியே அனுப்பியது. நடந்ததை விட மோசமாகச் சொல்கிறாள். திருத்துவதற்காக இரண்டு தடவை வாயைத் திறந்தேன். இடம் கிடைக்கவில்லை. எனக்கு ஊற்றிய தேநீர் அவள் பக்கத்தில் ஆறிப்போய் இருக்கிறது, அதைக் கேட்கவும் வழியில்லை.

உள்ளே வந்து இதை எழுதுகிறேன். இன்னும் முடியவில்லை. மூச்சு விடாமல் பேசிக்கொண்டிருக்கிறாள்.