பாதிப் பச்சை

மகனே,

புயல் நம் தேவாலயக் கூரையைக் கடலில் கொண்டுபோய்ப் போட்ட வருஷம்தான் நானும் சித்தப்பா மகன் லாபானாவும் நம் தீவு வழக்கப்படி ஒரே பாயில் ஜோடியாகப் படுத்து, இடுப்பிலிருந்து முழங்கால் வரை பச்சை குத்திக்கொள்ளத் தொடங்கினோம். மாலையில் அண்ணன்மார் எங்களைக் கடலில் இறக்கிக் காயத்தைப் பிசைந்து கெட்ட நீரை வெளியேற்றுவார்கள். "நல்லா கத்துடா, மீனெல்லாம் வலைக்குள்ள ஓடட்டும்" என்பார்கள். ஆறும்வரை எங்களைத் தனியாக விட்டதே இல்லை.

ஆக்லாந்தில் நீ ஜோடியில்லாமல் குத்திக்கொண்டு, அறையில் ஒற்றையாகக் கிடந்து, இப்போது காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் இருக்கிறாய். உன் கடிதத்தைப் போதகர் படித்துச் சொன்னார். இதையும் அவர்தான் எழுதுகிறார். அந்தக் காயத்தைக் கழுவிவிட என் கை அவ்வளவு தூரம் எட்டவில்லை.

டாக்டர் இனி பச்சை குத்தும் ஊசியே படக் கூடாது என்கிறாராம். பாதியில் விட்டால் அப்பாவுக்கு அவமானம், எழுந்ததும் முடித்துவிடுவேன் என்கிறாய்.

லாபானா பாதியில் எழுந்து ஓடியவன். இன்றும் பையன்கள், "மாமா, மீதியை எப்போ போடுவீங்க?" என்று சீண்டுவார்கள். "சவப்பெட்டியில வச்சப்புறம் போடுங்கடா, அப்போ வலிக்காது" என்பான்.

எங்களுக்குக் குத்தியவர், என்னைப் பிசைந்த அண்ணன்மார், எல்லோரும் போய்விட்டார்கள். அந்தப் பாயைச் சுற்றி இருந்தவர்களில் என்னைத் தவிர உயிரோடு இருப்பவன் லாபானா ஒருவன்தான். நீயும் பாதியோடே வீடு வந்து சேர்.

உன் அப்பா