அம்மாவின் பெரிய வண்டி எழுந்து நின்ற கதை

அன்புள்ள அண்ணாவுக்கு,

அம்மாவின் இரண்டு கையிலும் மாவு. அதனால் அவள் சொல்லச் சொல்ல இதை எழுதுவது நான், உன் தங்கை. நடந்ததை நடந்தபடியே எழுதுவேன், அம்மா விட்டுவிடச் சொல்வதையும் விடமாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே நாங்கள் மூவரும் சுகம், பேக்கரி அடுப்பும் சுகம். நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, நன்றாக இருப்பாய் என்று அம்மா நம்புகிறாளாம். "நல்லா இருக்கியான்னு கேளு. அப்புறம் வண்டியை விக்கலைன்னு எழுது. பெருசா எழுது" என்றாள். எழுதிவிட்டேன்: வண்டியை விற்கவில்லை.

போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாயாம், அதனால்தான் கடிதம். பழைய சொகுசு வண்டிக்கு வாங்குகிற விலை ஒன்று, வைத்துக்கொள்கிற விலை வேறு என்று நீ சொன்னதை அம்மா மறுக்கவில்லை. அந்த வண்டிக்கும் எனக்கும் ஒரே வயது. புதுச் சின்ன வேனுக்குக் கேட்ட பணத்தில் பாதிக்குக் கிடைத்தது. ஆனால் டயரும் பிரேக்கும் வாங்கப் போனால் வண்டி பழசு என்று யாரும் இரக்கப்படுவதில்லை, புது வண்டிக்கு என்ன விலையோ அதேதான். பெட்ரோல் போடும்போதெல்லாம் அப்பா, "இதுக்குத் தாகமே அடங்காது" என்கிறார். இருந்தும் அம்மா ஏன் வாங்கினாள் என்று உனக்குத் தெரியும். பழைய வேனில் ஏற்றிய அடுக்குக் கேக் ஒவ்வொன்றும் குழியில் இறங்கி ஏறும்போது நடுவில் பிளந்துபோகும். இந்த வண்டியில் ஸ்பிரிங்குக்குப் பதிலாகச் சக்கரத்துக்கு ஒரு காற்றுப் பை. குழி வந்துபோனதே பின்சீட்டில் இருப்பவருக்குத் தெரியாது. மலைமேல் இருக்கும் பெரிய ஓட்டல் அம்மாவை ஒரு மூன்றடுக்குக் கேக் கொண்டுவரச் சொல்லியிருந்தது. அது விரிசலில்லாமல் போய்ச் சேர்ந்தால் இனி வாராவாரம் நம் கேக்தான், விரிசல் விழுந்தால் கடைத்தெருப் பெரிய பேக்கரிக்குப் போய்விடும். அந்த வாரம் பார்த்து, காலையில் எழுந்தால் வண்டியின் பின்பக்கம் இடது மூலை தரையோடு தரையாக உட்கார்ந்திருந்தது. அப்பா பல் தேய்த்துக்கொண்டே எட்டிப் பார்த்து, "எருமை மறுபடி படுத்துருச்சு" என்றார். இன்னொரு தடவை படுத்தால் விற்றுவிடுகிறேன் என்று அம்மா உனக்கு வாக்குக் கொடுத்திருந்தாள் அல்லவா, கேள்விப்பட்ட உடனே நீயும் ஒரு வியாபாரியைப் பேசி சனிக்கிழமை வரச் சொல்லிவிட்டாய் அல்லவா, அதனால் அன்று யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

முதல் கேரேஜில் வண்டிக்குக் கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்து, நான்கு காற்றுப் பையும் மாற்ற வேண்டும், அவற்றுக்குக் காற்று அடிக்கிற கம்பிரஸரும் போய்விட்டது என்றார்கள். சொன்ன செலவுக்கு இன்னொரு வண்டியே வாங்கலாம். இரண்டாவது கேரேஜ் ஸ்பேனர் அண்ணனுடையது, நம் பழைய வேனுக்கு ரிப்பேர் பார்த்தவர்தான். அவர், "அக்கா, வண்டிதான் பழைய விலை, பார்ட்ஸ் எல்லாம் புது விலை. பேசாம தள்ளிவிட்டுடுங்க" என்றார். அம்மா டயர் அடுக்கைப் பார்ப்பதுபோலத் திரும்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள். இதை எழுதாதே என்கிறாள், ஆனால் நான் பார்த்தேன். பிறகு, விற்பதற்குமுன் நம் சாமானை எடுத்துவிடலாம் என்று டிக்கியைத் திறந்தாள். மழைக்கு ஸ்டோர் ரூம் ஒழுக ஆரம்பித்ததிலிருந்து மாவு மூட்டைகளை நாங்கள் அதில்தான் வைத்திருந்தோம். நம் வீட்டிலேயே ஈரம் படாத இடம் அதுதான் என்று அம்மா பெருமையாகச் சொல்வாள். கடைசி மூட்டையை இறக்கியவள் டிக்கிக்குள் தலையை விட்டபடி அப்படியே நின்றாள். என்னம்மா என்றேன். "மாவு புளிச்ச வாசனை வருது" என்றாள். மூட்டையா என்று கேட்டார் ஸ்பேனர் அண்ணன். "மூட்டை நல்லாருக்கு. இது அடியிலேருந்து வருது. நுரைச்சுப் பொங்கின மாவு. எனக்குத் தெரியாதா?" என்றாள். அவர் நம்பாமல்தான் விரிப்பையும் பலகையையும் தூக்கினார். அங்கே கம்பிரஸர். அது காற்று இழுக்கிற வாயில் இருக்கும் ஃபில்டர் முழுக்க, மூட்டையிலிருந்து சிந்திய மாவு, வண்டியின் அடிவழியாக ஏறிய மழை ஈரத்தில் கெட்டியாகிப் பொங்கி அடைத்திருந்தது. அவர் உட்கார்ந்தே விட்டார். "எத்தனையோ வண்டி பாத்திருக்கேன்க்கா, உள்ள ரொட்டிக்கு மாவு பிசைஞ்சு வச்ச வண்டி இதுதான்" என்று சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. "சரி, வேற என்ன கெட்டிருக்குன்னு மட்டும் பாருங்க" என்றாள். இடது பின்சக்கரப் பையில் மடிப்பு வெடித்துக் காற்று கசிந்தது, அது வயதுக் கோளாறு. மற்ற மூன்றும் கல் மாதிரி இருந்தன. ஆக, ஒரு பை, ஒரு ஃபில்டர், கம்பிரஸரைத் துடைத்துக் காயவைத்த கூலி. மாட்டி முடித்து ஸ்டார்ட் செய்ததும் உள்ளே உர்ர் என்று ஒரு சத்தம். அந்த மூலை மெல்ல மெல்ல மேலே வந்து மட்டமாக நின்றது. அம்மா வண்டியின் முதுகில் தட்டிக்கொடுத்தாள்.

மறுநாள் பின்சீட்டில் பலகை போட்டு, அதன்மேல் மூன்றடுக்குக் கேக்கை வைத்து, பக்கத்தில் நான், முன்னால் அப்பா. ஓட்டியது அம்மா. மலைப்பாதையில் தார் பெயர்ந்த இடங்களில் அப்பா கண்ணை மூடிக்கொண்டார். நான் மூடவில்லை. உச்சியில் இருந்த சர்க்கரைப் பூவையே பார்த்துக்கொண்டிருந்தேன், ஒரு இதழ்கூட ஆடவில்லை. ஓட்டல் மேனேஜர் மேடம் போன் வெளிச்சத்தில் கேக்கைச் சுற்றிச் சுற்றி வந்து விரிசல் தேடினார். கடைசியில், "இங்க எங்க கிச்சன்ல வந்து அடுக்குனீங்களா?" என்றார். "இல்லைங்க, வீட்டுலேருந்து இப்படியேதான் வருது" என்றாள் அம்மா. வாராவாரம் என்று அப்போதே சொல்லிவிட்டார் அண்ணா. வெளியே வந்தால், அப்பா இடது பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி, வண்டி இறங்கியிருக்கிறதா என்று சாண் போட்டுக்கொண்டிருந்தார். இறங்கவில்லை.

சனிக்கிழமை நீ பேசிய வியாபாரி வந்தார். வண்டியை விற்பதாக இல்லை என்றதும், "அடுத்த ரிப்பேர் வரும்போது அழுவீங்கம்மா" என்றார். "அழுதாச்சுங்க, அது கேரேஜோட முடிஞ்சுது" என்றாள் அம்மா. காபி குடித்துவிட்டுப் போகும்போது தன் பெண்ணின் பிறந்தநாளுக்கு ஒரு கேக் சொல்லிவிட்டுப் போனார். வீட்டுக்கே கொண்டுவந்து தரவேண்டுமாம்.

அம்மா வாக்குத் தவறிவிட்டாள் என்று நினைக்காதே. வண்டி தானாகப் படுக்கவில்லை, பாதி நாங்கள் படுக்கவைத்தது. செலவு இன்னும் வரும் என்று அவளுக்குத் தெரியும். விற்கிற ஒவ்வொரு கேக்கிலும் கொஞ்சம் வண்டிக்கென்று ஒதுக்குகிறாள், உனக்கு ஒரு காசு கஷ்டம் வராதாம். மாவு மூட்டைகள் இப்போது என் அறையில், என் புத்தகங்களுக்கு நடுவில் இருக்கின்றன. நீ அங்கே பழைய வண்டி வாங்கினால் பளபளப்பைப் பார்க்காமல் டிக்கியைத் தூக்கி முகர்ந்து பார் என்கிறாள். தலைவலி என்றாயே, கண் டாக்டரிடம் போனாயா என்று கேட்கிறாள். மறக்காமல் போ. தொட்டதெல்லாம் துலங்கி, நோய்நொடி இல்லாமல் நீ நூறு வயது இருக்க வேண்டும் என்று அம்மாவும் அப்பாவும் வாழ்த்துகிறார்கள். பதிலில், "அம்மா செய்தது சரி" என்று ஒரு வரி உன் கையெழுத்தில் வேண்டுமாம், கடைச் சுவரில் ஒட்டப்போகிறாள்.

இப்படிக்கு,
சொன்னது உன் அம்மா,
எழுதியது உன் தங்கை.

விடியுமுன் அடுப்பு மூட்டவேண்டும் என்று அப்பா விளக்கை அணைக்க வந்துவிட்டார்.