உச்செள்ளு வாசனை

அம்மா,

இன்றைக்கும் மதியம் கம்பெனி கேன்டீனில் ரத்னா டிபன் டப்பாவைத் திறந்ததும், நான் என் தட்டை எடுத்துக்கொண்டு கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டேன். "எங்க வூட்டு உச்செள்ளுத் தொவையலு உனக்கு அவ்ளோ நாறுதாடி?" என்று கேட்டாள். அவளுக்குப் பதில் சொல்லவில்லை. உனக்குச் சொல்கிறேன்.

நீ போனபோது எனக்கு நாலு வயசு. அப்பா ஓசூரை விட்டு என்னை அரூரில் அத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். உன் போட்டோ ஒன்றுகூட இல்லை. பச்சைப் புடவையில் நீ பஸ்ஸுக்கு நிற்பது மட்டும் எனக்கு ஞாபகம் இருப்பதாக நம்பிக்கொண்டிருந்தேன். அத்தையிடம் சொன்னபோது சிரித்தார். "அது நான் பாத்ததுடி. நான் சொல்லிச் சொல்லி நீயே பாத்தாப்பல ஆயிடுச்சு. நாலு வயசுப் புள்ளைக்கு என்னா நெனப்பு இருக்கும்?" அன்றோடு உன்னுடையது என்று என்னிடம் எதுவும் இல்லாமல் போயிற்று.

எட்டாவதோடு என் படிப்பு நின்றது. போன வருஷம் அப்பாவோடு மறுபடி ஓசூருக்கு வந்தேன். மூக்கண்டப்பள்ளியில் ஒரு அறை. எனக்கு மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் சுற்றும் கம்பெனியில் வேலை. கூட வேலை செய்கிறவர்கள் கன்னடத்தில் பேசிச் சிரிப்பார்கள். நீ கர்நாடகத்து அத்திப்பள்ளிப் பெண் என்பது தெரியும். ஆனால் எனக்கு ஒரு வார்த்தையும் புரியாது. தலையைக் குனிந்து சாப்பிடுவேன்.

சேர்ந்த புதிதில் ஒருநாள் ரத்னா, கறுப்பு எள்ளு மாதிரி இருக்கும் உச்செள்ளை வறுத்து அரைத்த துவையலை என் தட்டில் வைக்க வந்தாள். வாசனை முகத்தில் அடித்தது. என் கை தானாகத் தட்டை மூடியது. "கார பேடம்மா" என்று யாரோ சொன்னார்கள். சொன்னது நான்தான்.

பெஞ்சு முழுக்கப் பேச்சு நின்றது. "அடி கள்ளி, தெரியாத மாதிரி உக்காந்துக்கினு நாங்க பேசுனதெல்லாம் கேட்டியா?" என்றாள் ரத்னா. காரம் வேண்டாம்மா என்றுதான் சொல்லியிருக்கிறேன். அது எனக்கு எப்படித் தெரியும்? அதற்குள் உன் குரல் வந்தது. "பெல்லா ஹாக்தீனி, தின்னு." வெல்லம் வைக்கிறேன், தின்னு. ஒரு கட்டைவிரல் சூடான களியில் குழி போட்டது. குழியில் வெல்லம் கரைந்தது. விரலும் கண்ணாடி வளையலும்தான் தெரிந்தன. முகம் இல்லை.

சாயங்காலம் அப்பாவிடம் கேட்டேன். "அம்மா எனக்குக் களியில குழி போட்டு வெல்லம் வெப்பாங்களா?"

பீடி பற்றவைக்கப் போனவர், தீக்குச்சி விரலைச் சுடும் வரை பிடித்துக்கொண்டே இருந்தார்.

"யாரு சொன்னது? உங்க அத்தைக்குக்கூடத் தெரியாதே."

"யாரும் சொல்லலப்பா."

எழுந்து வெளியே போய் நின்றுகொண்டார்.

பிறகு எனக்குப் பேராசை வந்தது. அந்தத் துவையலைத் தினமும் கேட்டு வாங்கி முகர்ந்தேன். நீ வந்தாய். கொஞ்ச நாளில், முகர்ந்ததும் உனக்கு முன்பே கேன்டீன் பெஞ்சு ஞாபகத்துக்கு வந்தது. அப்புறம் ரத்னாவின் சிரிப்பு. ஒருநாள் களியில் குழி போட்ட விரலில் ரத்னாவின் மோதிரம் இருந்தது. அத்தை சொல்லிச் சொல்லிப் பச்சைப் புடவை என்னுடையதானது. நான் எடுத்து எடுத்துப் பார்த்தே உன் விரல் ரத்னாவுடையதாகிக்கொண்டிருந்தது.

அதனால்தான் தள்ளி உட்காருகிறேன். உன் குரலில் இன்னும் யாரும் கலக்கவில்லை. அதை எடுத்துப் பார்க்காமல் வைத்திருக்கிறேன். இன்றைக்குக் காற்று அந்த வாசனையைக் கடைசி பெஞ்சு வரைக்கும் கொண்டுவந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டேன், அம்மா.